ஈத்து முடிந்த சிப்பிப்பாறை பெட்டை, 5 வயசு. எடுக்கலாமா?

உச்சிப்புளிக்காரன்:
வணக்கம். ஊர் உச்சிப்புளி, கடலுக்கு ஒரு கிலோமீட்டர் உள்ளே. சாயல்குடிப் பக்கம் நாய் வளர்த்து விற்கிற ஒருத்தர், "இனிமே குட்டி எடுக்கப் போறதில்ல, நல்ல வீட்டுக்குக் குடுத்துடுறேன்"னு ஒரு சிப்பிப்பாறை பெட்டையைத் தர்றார். காசு வேண்டாம்ங்கிறார்.

வயசு 5, இதுவரை 5 ஈத்து. கடைசி ஈத்து போட்டு ரெண்டு மாசம் ஆச்சு, குட்டிகள் எல்லாம் போயாச்சு. எடை 17 கிலோ இருக்கும். பிறந்ததிலிருந்து கூண்டும் சிமெண்ட் தரையும்தான். ரேபிஸ் ஊசி போட்டிருக்குன்னு வாயால சொல்றார், அட்டை காட்டல.

வீட்ல அம்மா (70), 7 வயசு மகள், பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழி, ரெண்டு வெள்ளாடு. மூணு பக்கம் பனைமட்டை வேலி, முன்னாடி மட்டும் நாலடிச் சுவர். வேற நாய் கிடையாது. எதைப் பார்த்து முடிவு பண்ணணும்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கணக்குப்பிள்ளை:
தம்பி, அவர் சொன்ன ரெண்டு நம்பரையும் முதல்ல பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. 5 வயசு, 5 ஈத்து.

2017-ல வந்த நாய் இனப்பெருக்கம், விற்பனை விதிகள்படி 18 மாசம் ஆகாத நாயைச் சேர்க்கக் கூடாது. ஒரு பெட்டைக்கு 12 மாசத்துக்கு ஒரு தடவைதான். ஆயுசுக்கு 5 ஈத்து, 8 வயசோட நிறுத்தணும். ஒன்றரை வயசுல ஆரம்பிச்சா அடுத்தது இரண்டரை, மூன்றரை, நாலரை. 5 வயசுக்குள்ள நாலு ஈத்துக்கு மேல வராது. அஞ்சாவது சேர்க்கை அஞ்சரையில வரும். அதுக்கு மேல சினைக்காலம் ரெண்டு மாசம், குட்டி போட்டு ரெண்டு மாசம்னு கூட்டினா இன்னைக்கு ஆறை ஒட்டி இருக்கணும். அதனால ஒண்ணு வயசு குறைச்சுச் சொல்லியிருக்கார், இல்ல ஹீட் (இணைசேருற பருவம்) வந்தப்பல்லாம் விடாம கிராஸ் விட்டிருக்கார். ரெண்டாவதா இருந்தா அவளோட கர்ப்பப்பை, எலும்பு, பல் எல்லாத்துலயும் அதோட விலை தெரியும்.

தோலுக்கடியில வைக்கிற அடையாள மைக்ரோசிப் இருந்தா 15 இலக்க எண் இருக்கும், ஸ்கேனர் உள்ள டாக்டர்கிட்ட காட்டினா வாசிச்சுடுவார். வளர்க்கிறவர் மாநில விலங்குகள் நல வாரியத்துல பதிவு பண்ணியிருக்கணும், ஒவ்வொரு ஈத்துக்கும் ரெக்கார்டு வைக்கணும். இது எதுவும் இல்லாம தொழில் பண்றவங்கதான் நிறைய. ரெக்கார்டு இல்லாத இடத்துல ரத்தச் சோதனையை மட்டும்தான் நம்பலாம், ஆள் எவ்வளவு இனிக்கப் பேசினாலும்.

இன்னொண்ணும் கேளுங்க. ஏன் நிறுத்துறீங்க? "வயசாச்சு"ன்னு சொன்னா விடாதீங்க. கடைசி ரெண்டு ஈத்துல எத்தனை குட்டி விழுந்துச்சு, எத்தனை நின்னுச்சு, சிசேரியன் உண்டா, சினை கலைஞ்சதா? முதல்ல ஏழு எட்டு போட்டவ கடைசியா ரெண்டு போட்டு அதுல ஒண்ணு செத்துப் பிறந்திருந்தா, அது ஓய்வு குடுக்கிற காரணம் இல்ல, நோய் அடையாளம்.

மண்டபத்தக்கா:
கணக்குப்பிள்ளை சொன்ன கடைசி வரிதான் இதுல முக்கியம். குறைப்பிரசவம், செத்த குட்டி, சேர்த்தும் சினை நிற்காமல் போவது, மூன்றுக்கும் பொதுவாக வரக்கூடிய ஒரு நோய் புருசெல்லா கேனிஸ். சேர்க்கை மூலமும், கலைந்த சினையின் கழிவு மூலமும் ஒரு கென்னல் முழுக்கப் பரவும். வெளியே பார்த்தால் நாய் நன்றாகத்தான் இருக்கும். ஆண்டிபயாட்டிக் கொடுத்தாலும் உடம்பை விட்டு முழுசாகப் போகும் என்று உறுதி கிடையாது. மனிதருக்கும் வரும். 70 வயது அம்மா, சின்னக் குழந்தை இருக்கும் வீடு என்றால் இந்தச் சோதனை முடிவு கைக்கு வராமல் நாயை வாசலுக்குள் கொண்டுவர வேண்டாம். ரத்த மாதிரியை வெளி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும், கொஞ்ச நாள் ஆகும். சமீபத்தில்தான் தொற்றியிருந்தால் ரத்தத்தில் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் வரை போகலாம். அதனால் கடைசியாக எப்போது கிராஸ் விட்டார் என்பதையும் கேட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

கூடவே எடுக்க வேண்டியவை: முழு ரத்த எண்ணிக்கை (ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்களோடு), ஈரல், சிறுநீரகம், ரத்தப்பூச்சு (ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது), எர்லிக்கியாவுக்கும் இதயப்புழுவுக்கும் உள்ள கிட் சோதனை, வயிற்று ஸ்கேன். ஸ்கேனில் கர்ப்பப்பைச் சுவர் தடித்திருக்கிறதா, உள்ளே நீர் கட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

எர்லிக்கியா உண்ணியால் வருவது. நம் பக்கம் பழுப்பு உண்ணி வருஷம் பூராவும் உண்டு, கூண்டுச் சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும். பல கென்னல் நாய்கள் வெளியே எதுவும் காட்டாமல் பிளேட்லெட் மட்டும் குறைந்து நிற்கும். அது தெரியாமல் ஆபரேஷன் டேபிளில் ஏற்றினால் ரத்தம் நிற்காது. கண்டுபிடித்துவிட்டால் பயப்பட வேண்டியதில்லை. டாக்சிசைக்ளின், கிலோவுக்கு 10 மில்லிகிராம் கணக்கில் 28 நாள் கொடுப்பது வழக்கம். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுப்பாள், தொண்டைக்குழாயும் புண்ணாகும். சோற்றோடு கொடுக்க வேண்டும். பத்தாம் நாள் வாலாட்டித் துள்ளுகிறாளே என்று நிறுத்திவிடுவதுதான் இங்கே எல்லோரும் செய்கிற தப்பு.

இதயப்புழு, தோலடிப்புழு இரண்டும் கொசுவால் வருபவை. தோலடிப்புழு கேரளக் கடற்கரையில் நன்றாகவே பதிவாகியிருக்கிறது. சோதிக்காமல் யாராவது ஐவர்மெக்டின் ஊசி போட்டுவிட வேண்டாம். ரத்தத்தில் குஞ்சுப்புழு நிறைய இருந்தால் ஒரே நேரத்தில் எல்லாம் செத்து நாய் அதிர்ச்சியில் விழலாம்.

கையால் பார்க்க வேண்டியதும் உண்டு. மல்லாக்கப் படுக்க வைத்து ஐந்து ஜோடிக் காம்பையும் ஒவ்வொன்றாக விரல் நுனியில் உருட்டிப் பாருங்கள். கடைசி இரண்டு ஜோடியில் அதிக கவனம், கட்டி அங்கேதான் கூடுதலாக வரும். பட்டாணி அளவு இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டைக்கு மடியில் வரும் கட்டிகளில் ஏறக்குறைய பாதி புற்றாக இருக்கும், மூன்று சென்டிமீட்டருக்குள் எடுத்துவிட்டால் தேறும் வாய்ப்பு அதிகம். பிறப்புறுப்பில் காலிஃபிளவர் மாதிரி சதை, சொட்டுச் சொட்டாக ரத்தம் இருந்தால் அது சேர்க்கையால் தொற்றும் கட்டி. "ஹீட்ல இருக்கா"ன்னு சொல்லி மூடப் பார்ப்பார்கள். அதற்கு வின்கிரிஸ்டின் வாராவாரம், பெரும்பாலும் நாலிலிருந்து ஆறு ஊசி. குணமாகிற நோய்தான், ஆனால் உங்கள் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஓட்டக்காரன்:
நாட்டு நாய்க்கு இவ்வளவு டெஸ்ட்டா? சிப்பிப்பாறை வெயில்லயும் கூழ்லயும் வளர்ந்த சாதி. எங்க தாத்தன் காலத்துல யாரு பிளேட்லெட் பார்த்தா? அந்தக் காசுக்கு நல்ல ஜோடியில ரெண்டு மாசக் குட்டி வாங்கிடலாம். கூண்டு நாய் வீட்டு நாயா மாறாது.

மண்டபத்தக்கா:
சிப்பிப்பாறைக்கு வெயில் தாங்கும். உண்ணிக் காய்ச்சலுக்கும் பாலியல் தொற்றுக்கும் சாதி தெரியாது. தாத்தா காலத்து நாய் ஆறு வயதில் செத்தால் "ஆயுசு அவ்வளவுதான்" என்று புதைத்தார்கள், காரணம் பார்க்கவில்லை.

குட்டி வாங்குவது தப்பே இல்லை, ஆனால் அதை ஒப்பிடும்போது முழுசாக ஒப்பிடுங்கள். குட்டி என்றால் தடுப்பூசி வரிசை, பார்வோ (குட்டிகளைத் தாக்கும் வைரஸ் பேதி) பயம், கடித்துக் குதறுகிற ஒரு வருஷம், பிறகு கருத்தடை. இவளுக்கு ஊசியும் கருத்தடையும்தான் பாக்கி, மற்றதெல்லாம் தாண்டியாச்சு. உருவம், குணம், சத்தத்துக்கு எப்படி நடந்துகொள்கிறாள் என்பதெல்லாம் இன்றைக்கே பார்த்துவிடலாம். கடைசி வாக்கியத்தில் மட்டும் பாதி உண்மை இருக்கிறது. மாறும், ஆனால் வீட்டுப் பழக்கத்தை அடியிலிருந்து கற்றுக்கொடுக்க வேண்டும்.

கச்சான்காத்து:
அண்ணே, வேலியைப் பத்தி யாருமே பேசலையே. பனைமட்டை வேலி ஆட்டுக்குத் தாங்கும், சிப்பிப்பாறைக்கு அது வேலியே இல்ல. நாலடிச் சுவரை நின்ன இடத்திலிருந்து தாண்டும். பழகாத வீட்டுல முதல் ரெண்டு மாசம் பயத்துல ஓடுறதுதான் பெரிய ஆபத்து. ஓடினா கூப்பிட்டு வராது, கூப்பிடுற பேரே அதுக்குத் தெரியாது. உச்சிப்புளின்னா பக்கத்துலயே ராமேஸ்வரம் ரோடு, ரயில் பாதை.

ஆறடி உயரம் வேணும். செயின்லிங்க் வலை போட்டா சாதா ஜிஐ கம்பி வாங்காதீங்க. உப்புக் காத்துல சீக்கிரம் துருப்பிடிச்சு அடியிலதான் முதல்ல அறும், அந்த வழியாத்தான் மூக்கை விட்டுக் கிளப்பும். பிவிசி உறை போட்ட வலை, கட்டுக்கம்பியும் அதே உறையோட. அடியில ஒரு அடி மண்ணுக்குள்ள இறக்கணும். நம்ம மண்ணு மணல்தானே, தோண்ட அதுக்கு அஞ்சு நிமிஷம் போதும். பழைய மீன்வலையைச் சுத்திக் கட்டிரலாம்னு நினைப்பு வரும், வேண்டாம். நைலான் நரம்பைக் கடிச்சுச் சிக்கி, கால்லயும் கழுத்துலயும் இறுகும். முழு வளைவுக்கும் காசு இல்லைன்னா இருபதடிக்குப் பத்தடி ஒரு அடைப்பு மட்டும் ஒழுங்கா போடுங்க, வெளியே வர்றப்ப கயிறு.

கூரைக்குத் தகரம் வேண்டாம், பனை ஓலை. தரை சிமெண்டா இருந்தா ஒரு நார்க்கட்டில். முழங்கை எலும்பு தரையில பட்டுப் பட்டு காய்ப்பு ஏறியிருக்கும், பாருங்க. காய்ப்பு வெடிச்சுப் புண்ணாச்சுன்னா லேசுல ஆறாது.

சங்கிலியும் துருப்பிடிக்காத எஃகுல இருந்தாத்தான் நிக்கும். கழுத்து பெல்ட்டு சாதாரணமா போட்டா பின்னாடி இழுத்து உருவிடும், இந்தச் சாதிக்குத் தலையை விடக் கழுத்து தடிமன். இழுத்தா அளவோட இறுகுற அகலப் பட்டை ஒண்ணு, மார்ல ஹார்னஸ் ஒண்ணு, ரெண்டுலயும் கயிறு. முதல் மூணு மாசம் ஒத்தக் கயித்துல வெளிய கூட்டிட்டுப் போகாதீங்க.

உச்சிப்புளிக்காரன்:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணே. போன்ல பேசினேன். டெஸ்ட் எடுத்துக்கலாம்ங்கிறார், செலவு நம்மளது. கர்ப்பப்பை ஆபரேஷன் பத்திக் கேட்டதுக்கு, "அவசரம் எதுக்கு, நல்ல லைன் தம்பி, நீங்க வச்சிருங்க, இன்னும் ஒரே ஒரு ஈத்து மட்டும் எடுப்போம், குட்டி ஆளுக்குப் பாதி"ங்கிறார். அப்புறம் கோழி விஷயத்தை யாரும் சொல்லலியே?

கணக்குப்பிள்ளை:
வந்துருச்சா. ஆட்டை வாரத்துக்கு (குட்டியில பங்குக்கு) விடுற மாதிரி நாயை வாரத்துக்கு விடுறார். தீனி உங்களது, ஊசி உங்களது, பிரசவத்துல ராத்திரி முழிக்கிறது நீங்க, பாதிக் குட்டி அவருக்கு. ஓய்வு பெற்ற நாய்ன்னு சொன்ன வார்த்தை அதோட முடிஞ்சது. அஞ்சு ஈத்து போட்டதா அவரே ஒத்துக்கிட்டார், ஆறாவது சட்டப்படியே கிடையாது.

நீங்க ஒரே வரியில சொல்லுங்க: "ஆபரேஷன் முடிச்சுத்தான் எடுப்பேன், இல்லைன்னா வேண்டாம்." இதுக்கு அவர் என்ன சொல்றார்ங்கிறதுதான் எடுக்கலாமா வேண்டாமாங்கிற கேள்விக்கே பதில். ஒத்துக்கிட்டா ஒரு தாள்ல எழுதி வாங்குங்க: நாயின் அடையாளம், சிப் எண், பிறந்த மாசம், உரிமை முழுசா மாற்றப்பட்டது, குட்டி மேல எந்த உரிமையும் இல்ல, கைமாறின தேதி, ரெண்டு பேர் கையெழுத்து. கென்னல் கிளப் பதிவு இருந்தா அதையும் உங்க பேருக்கு மாத்தணும். பதிவு அவர் பேர்ல இருந்தா நாளைக்கு "என் நாய்"னு வந்து நிப்பார்.

ஓட்டக்காரன்:
இதுல கணக்குப்பிள்ளை சொல்றதுதான் சரி. வாரத்துக்கு விடுறது எங்க பக்கமும் நடக்குது, கடைசியில சண்டைதான்.

மண்டபத்தக்கா:
ஆபரேஷன் எப்போது என்பதில் ஒரு கணக்கு உண்டு. பால் வற்றாமல் செய்தால் மடி வீங்கிக் கிடக்கும், வெட்டுகிற இடத்திலும் ரத்த ஓட்டம் அதிகம். ஹீட்டில் செய்தால் ரத்தப்போக்கு கூடும். ஹீட் முடிந்து இரண்டு மாசத்துக்குள் செய்தால் பொய்ச்சினை வந்து பால் கட்டிக்கொண்டு தீராமல் நிற்கலாம். உங்களுக்கு நல்லதாக, கடைசி ஈத்து போட்டு இரண்டு மாசம் என்கிறீர்கள். குட்டி பிரிந்தபின் பால் முழுக்க வற்ற இன்னும் இரண்டு மூன்று வாரம் விடுங்கள். சோதனை முடிவுகளும் அதற்குள் வந்துவிடும். அடுத்த ஹீட்டுக்கு முன்னால் இடைவெளி இருக்கிறது, அதில் முடித்துவிடலாம்.

தள்ளிப்போட்டால் என்ன? ஒவ்வொரு ஹீட்டுக்கும் பிறகு நாலிலிருந்து எட்டு வாரத்தில் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் வாய்ப்பு. தண்ணீரை மாளாமல் குடிப்பாள், அடிக்கடி சிறுநீர், சோறு வேண்டாம், வாந்தி. கர்ப்பப்பை வாய் திறந்திருந்தால் கீழே சீழ் வடியும், மூடியிருந்தால் வெளியே ஒன்றும் தெரியாமல் வயிறு மட்டும் பெருக்கும். அது ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வந்தால் மதுரைக்கோ திருநெல்வேலி கால்நடைக் கல்லூரிக்கோ ஓட வேண்டும். இந்த வயதில் கருத்தடை செய்வதால் மடிக்கட்டி ஆபத்து பெரிதாகக் குறையாது. முதல் ஹீட்டுக்கு முன் செய்தால் கிடைக்கும் பலன் அது. ஆனால் சீழ்ப்பை ஆபத்து அன்றோடு தீர்ந்துவிடும்.

மயக்க மருந்து பற்றி டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: இது ஓட்ட நாய் வகை. கிரேஹவுண்ட் மாதிரி கொழுப்பே இல்லாத உடம்புக்கு தயோபென்டோன் கொடுத்தால் மயக்கம் தெளிய வெகுநேரம் ஆகும். ப்ரோபோஃபோல், வாயு மயக்கம் உள்ள இடமாகப் பாருங்கள். குளிர்ந்துபோவதும் சீக்கிரம், அதனால் ஆபரேஷன் முடிந்ததும் போர்த்த ஒரு கம்பளி எடுத்துப் போங்கள், நம் ஊர் வெயிலிலும்தான். இந்த வகை நாய்களுக்கு ரத்தத்தில் சிவப்பணு விகிதம் கூடுதலாகவும் பிளேட்லெட் கொஞ்சம் குறைவாகவும் இருப்பது இயல்பு. அறிக்கையில் உள்ள "நார்மல்" எண்ணோடு மட்டும் ஒப்பிட்டு முடிவுக்கு வர வேண்டாம்.

தையல் பிரிக்கப் பத்திலிருந்து பன்னிரண்டு நாள். அதுவரை கழுத்துக்குக் கூம்பு, குளிப்பாட்டக் கூடாது, கடற்கரை மணல் கூடவே கூடாது. பிறகு தீனியை நாலில் ஒரு பங்கு குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் குண்டாகிவிடுவாள். ஆனால் இப்போது மெலிந்திருந்தால் முதலில் தேறட்டும்.

கோழி பற்றி: அது உங்களுக்கு உண்மையாகவே கேள்விக்குறி. ஓடுகிற எதையும் துரத்துவது இந்த வகையின் ரத்தத்தில் இருக்கிறது. கூண்டிலேயே வளர்ந்தவள் கோழியைப் பார்த்தே இருக்க மாட்டாள், அதனால் "சாதுவான நாய்" என்று அவர் சொல்வது மனிதரிடத்தில் மட்டும்தான். போய்ப் பார்க்கும்போது இரட்டைக் கயிற்றோடு ஒரு கோழியிடமிருந்து முப்பதடி தள்ளி நிறுத்துங்கள். பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பினால், பெயரோ சத்தமோ கேட்டு உங்களைப் பார்த்தால், கருவாட்டுத் துண்டு காட்டினால் வாங்கிக்கொண்டால் பழக்க முடியும். உடம்பு விறைத்து, காது முன்னால் வந்து, வாயை மூடிக்கொண்டு, கருவாட்டைக்கூட மோந்து பார்க்காமல் நின்றால் அந்தப் பார்வை மாறாது. அப்படி என்றால் ஆயுசுக்கும் கோழி தனி வேலி, நாய் தனி வேலி. அது உங்களால் முடியுமா என்று யோசியுங்கள். ஆட்டையும் அதேபோல் பாருங்கள், குட்டி ஆடு இருந்தால் இன்னும் கவனம்.

பழக்கிடலாம் என்று கயிறில்லாமல் ஒரு நாள் விட்டு, ஒரே ஒரு கோழி செத்தால், அதற்குப் பிறகு பழக்குவது மிகக் கஷ்டம்.

கணக்குப்பிள்ளை:
இதோட ஒண்ணு. யாராவது "முயலுக்கு விடலாம், சூப்பரா பிடிக்கும்"னு வந்து நிப்பான். முயல் வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நாயோட பிடிபட்டா வழக்கு நாய்க்காரன் மேல.

பனங்கற்கண்டு:
தாமதமா வர்றேன். கூண்டு நாயை வீட்டுக்குள்ள பழக்குறதைப் பத்தி மட்டும்.

சிமெண்ட் தரையிலயே இருந்த நாய்க்கு சிமெண்ட்தான் கக்கூஸ். உங்க வீட்டு ஹாலும் அதுக்கு அப்படித்தான் தெரியும். திட்டினா ஒளிஞ்சு போய் கட்டில் அடியில இருக்கும், அவ்வளவுதான் மிச்சம். விடிஞ்சதும், சாப்பிட்டு 15-லிருந்து 30 நிமிஷத்துல, தூங்கி எழுந்ததும், ராத்திரி படுக்கப்போறதுக்கு முன்னாடியும் கயிறு கட்டி மண்ணுக்குக் கூட்டிப் போகணும். முதல்ல மண்ணுல இருக்கவே மாட்டா, ஏன்னா பழக்கமில்ல. அவ சிறுநீர் பட்ட ஒரு கோணித் துண்டை மணல்ல போட்டு வைங்க, அந்த வாடைக்குப் போவா. இருந்த உடனே, அங்கேயே, ஒரு துண்டு வேகவச்ச கோழி. வீட்டுக்குள்ள வந்தப்புறம் குடுத்தா எதுக்குக் குடுத்தோம்னு புரியாது. உள்ள இருந்துட்டா ஃபீனாயில் ஊத்தாதீங்க, நக்கினா நல்லதில்ல. தண்ணியும் வினிகரும் பாதிக்குப் பாதி கலந்து துடைங்க.

மிக்சி, குக்கர் விசில், மேல சுத்துற ஃபேன், படிக்கட்டு, கண்ணாடி, எல்லாம் புதுசு. முதல் வாரம் ஒரே ஒரு மூலையில படுக்கை, சொந்தக்காரங்க யாரும் பார்க்க வர வேண்டாம். பாப்பாகிட்ட ரெண்டு சட்டம்: சாப்பிடும்போது கிட்ட போகக் கூடாது, படுத்திருக்கும்போது தொடக் கூடாது. அஞ்சு ஈத்து போட்ட நாய், கூண்டுல குட்டியோட போட்டி போட்டுச் சாப்பிட்டிருக்கும், தட்டுப் பக்கம் கை வந்தா பல்லைக் காட்ட வாய்ப்பு உண்டு. அம்மா காலுக்குள்ள குறுக்க ஓடித் தள்ளி விட்டுடாம இருக்க வீட்டுக்குள்ளயும் முதல்ல கயிறு.

பொம்மை, செருப்பு, துணிச்சுருள்னு எதையாவது கவ்விட்டுப் போய் குட்டி மாதிரி வச்சுக் காத்தா அது பொய்ச்சினை. பிடுங்காதீங்க, கடிப்பா. மடியைப் பிழியவும் வேண்டாம், பிழியப் பிழிய ஊறும்.

உச்சிப்புளிக்காரன்:
தீனி? வீட்ல மீன்தான் தினமும். அதையே போடலாமா?

பனங்கற்கண்டு:
போடலாம், வேகவச்சு, முள் எடுத்து. மத்தி, நெத்திலி மாதிரி மீன்ல வைட்டமின் பி1-ஐ அழிக்கிற நொதி இருக்கு, பச்சையா தினமும் போட்டா நரம்பு பாதிக்கும், வேகவச்சா அந்தப் பிரச்சினை போயிரும். குழம்பு மீன் கழுவிப் போடுறதெல்லாம் வேண்டாம், வெங்காயம் நாய்க்கு ஆகாது. கருவாடு அக்கா சொன்ன மாதிரி நகம் அளவு துண்டு பழக்கத்துக்கு மட்டும், உணவா இல்ல. உப்பு.

இருபது கிலோவுக்குத் தேத்தணும்னு வச்சுக்கிட்டா நாளுக்குச் சுமார் 1000 கலோரி. சோறு 300 கிராம் (வெந்தது), மீனோ கோழியோ 300 கிராம், ஒரு முட்டை, பூசணி ஒரு கைப்பிடி, எண்ணெய் ரெண்டு டீஸ்பூன், வறுத்துப் பொடிச்ச முட்டை ஓடு அரை டீஸ்பூன். ஓடு இல்லாம சோறும் மீனும் மட்டும்னா சுண்ணாம்புச் சத்து போதாது, அஞ்சு ஈத்து பால் குடுத்த எலும்பு. ரெண்டு வேளையாப் பிரிச்சு. முதல் மூணு நாள் அங்க என்ன தின்னாளோ அதையே குடுங்க, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க, இல்லைன்னா வயித்தால போகும். கடைசி ரெண்டு மூணு விலா தெரியுறது இந்தச் சாதிக்கு இயல்பு. இடுப்பெலும்பு கூரா நின்னாத்தான் மெலிவு.

தண்ணி காவிரித் தண்ணி குடுங்க, கிணறு உப்பா இருந்தா அது வேண்டாம்.

கச்சான்காத்து:
கடலுக்குக் கூட்டிட்டுப் போறதைச் சொல்லிட்டு முடிச்சுக்கிறேன். கரை ஒதுங்குற பேத்தை மீனைக் கவ்வ விடாதீங்க, செத்துக் காய்ஞ்சாலும் விஷம் போகாது, வேகவச்சாலும் போகாது. கெளுத்தி முள், தூண்டி முள், ரெண்டும் வலை உதறுற இடத்துல கிடக்கும். தூண்டி வாயில மாட்டினா இழுக்காதீங்க, தூண்டியோட நைலான் நரம்பை நறுக்கிட்டு அப்படியே டாக்டர்கிட்ட போங்க. தாகத்துல கடல் தண்ணியைக் குடிச்சா வாந்தி, பேதி, அதிகமானா வலிப்பு. போறப்ப பாட்டில் தண்ணி கையில இருக்கணும். காலைல ஆறரைக்குள்ள, சாயங்காலம் ஆறுக்கு மேல. மணல்ல உங்க புறங்கையை வச்சு அஞ்சு எண்ணுங்க, தாங்கலைன்னா அதுக்கும் பாதம் தாங்காது. மாசி பங்குனியில ஆமை முட்டையிடுற கரையா இருந்தா கயிறை விடவே விடாதீங்க, தோண்டிரும்.

உள்பக்கம் போனா சீமைக்கருவேல். முள்ளு குத்தி நுனி மட்டும் உள்ள ஒடிஞ்சு நிக்கும், ரெண்டு நாள் கழிச்சு நொண்டும். தினமும் வீட்டுக்கு வந்ததும் விரல் இடுக்கு நாலு காலும் பாருங்க. ஊசியால குடையாதீங்க, வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில பத்து நிமிஷம் ஊற வச்சா சில சமயம் தானா மேல வரும், வரலைன்னா டாக்டர்.

மண்டபத்தக்கா:
மழைக்காலத்துக்கு ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தேங்கும்போது எலிச் சிறுநீரால் லெப்டோ (எலிக்காய்ச்சல்) வரும், கருவாடு காயப்போடும் இடமெல்லாம் எலிதான். அட்டை இல்லாத ஊசியைப் போடாத ஊசியாகக் கணக்கெடுத்துக்கொள்ளுங்கள். ரேபிஸ் புதிதாக, லெப்டோ சேர்ந்த கூட்டு ஊசி மூன்று நாலு வாரம் இடைவெளியில் இரண்டு, பிறகு வருஷாவருஷம்.

உச்சிப்புளிக்காரன்:
அக்கா, இன்னைக்குத் திரும்பப் பேசினேன். வாரம் கிடையாது, ஆபரேஷன் பண்ணித்தான் எடுப்பேன்னு சொல்லிட்டேன். ரெண்டு நாள் டைம் கேட்டிருக்கார். ஒத்துக்கிட்டா கோழி டெஸ்ட். அதுல தேறலைன்னா எடுக்கிறதில்லைன்னு வீட்ல பேசி வச்சிருக்கோம், தனி வேலி போட இடமில்ல. வர்றப்ப கார்ல கூட்டிட்டு வரணும், சாயல்குடியிலிருந்து. அதுக்கு ஏதும் இருக்கா?

பனங்கற்கண்டு:
காரே ஏறியிருக்க மாட்டா. அன்னைக்குக் காலைல சோறு வேண்டாம், தண்ணி மட்டும். பின்சீட்டுக் கீழ கோணி விரிச்சு, அவ படுத்த பழைய துணி ஒண்ணு கேட்டு வாங்கி அது மேல. ஹார்னஸ் கயிறை சீட் பெல்ட் கொக்கியில, கழுத்துக் கயிறைக் கையில. கண்ணாடி ரெண்டு விரல் அளவுக்கு மேல திறக்காதீங்க. பெட்ரோல் பங்க், டீக்கடை எங்கயும் கதவைத் திறக்காம நேரா வீடு. உண்ணி மாத்திரையைக் கிளம்புறதுக்கு முந்தின நாளே டாக்டர்கிட்ட கேட்டு அங்கேயே கொடுத்துருங்க, வலிப்பு வந்த நாயான்னு மட்டும் வளர்த்தவர்கிட்ட முதல்ல விசாரிச்சுக்கிட்டு. இல்லைன்னா உங்க கார் சீட்டுல ஆரம்பிச்சு வீட்டுச் சுவர் வரைக்கும் உண்ணி ஏறிடும்.

கணக்குப்பிள்ளை:
அந்தத் துணியையும் வீட்டுக்குள்ள கொண்டு போகாதீங்க, வாசல்லயே கொதிதண்ணியில போட்டுருங்க. ரெண்டு நாள் கழிச்சு அவர் என்ன சொன்னார்னு இங்கயே போடுங்க தம்பி, எழுதி வாங்குற தாளுக்கு வாசகம் தேவைப்பட்டா தர்றேன்.